பேர் மட்டும் எழுதாத சீட்டு

அறுபதுகளில், அய்யலூர்ச் சந்தைக்குப் போகும் வழியிலிருந்த எங்கள் ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். வெளுத்த சட்டை, மழித்த முகம், காதில் செருகிய பென்சில். காலையில் வந்ததும் மருந்து அலமாரியைத் திறக்கமாட்டார். உட்கார்ந்து சீட்டு எழுதுவார். 'மேல்சிகிச்சைக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறார்.' டாக்டரின் கையெழுத்துகூட அதில் இருக்கும். பேர் எழுதும் இடம் மட்டும் காலி. நோயாளி இனிமேல்தான் வரவேண்டும்!

அப்பாவுக்குக் காலில் புண் சீழ் வைத்து, காய்ச்சல். அந்தச் சீட்டோடு, சந்தை ஆடுகளுக்கு நடுவே பஸ்ஸில் நின்றபடி டவுனுக்குப் போனோம். "இதுக்குக் கட்டுப்போட உங்க ஊர்ல ஆளில்லையா?" என்று பெரிய ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் அப்பாவைப் பெஞ்சில் படுக்கவைத்துவிட்டு, கம்பவுண்டரின் மேஜையில் ஓங்கி அடித்தேன். "ஆளப் பாக்காமலே சீட்டு எழுதுறீகளே, நீங்கல்லாம் மனுசனா?"

அவர் கோபப்படவில்லை. "இங்க செத்தா நான் பதில் சொல்லணும் அப்பு. பஸ்ஸுல செத்தா என்னைய யாரு கேக்கப் போறாக?"

அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. அதற்குள் மேலே இருந்த சீட்டை உருவி, பென்சிலை எடுத்தார்.

"அப்பா பேரச் சொல்லு."

பெஞ்சில் அப்பா முனகினார். வேறு வழி தெரியாமல் பேரைச் சொன்னேன்.

நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கலாம், அந்த ஆள்.