ஆறாவது ஆள்

என் வீட்டுக்காரருக்கு உட்காரத் தெரியாது. கல்யாணமான புதிதிலிருந்தே இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன். அந்த இன்டர்வியூ கடிதம் வந்த நாளிலிருந்து அதுவே எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது.

ஒரு பெரிய அலுவலகத்தில் அவர் பத்தொன்பது வருடமாகப் பியூன். பெல் அடித்து ஓய்வதற்குள் கதவருகே போய் நிற்பார். அதனால் அங்கே எல்லாருக்கும் அவர் ‘பெல் அண்ணன்’. வேலைக்கு ஆள் எடுக்கும் நாட்களில் இன்டர்வியூ அறையின் வாசல் அவர் பொறுப்பு. வெளியே நடுங்கிக்கொண்டிருப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார். “மூச்சை நல்லா இழுத்து விட்டுட்டு உள்ள போங்க” என்பார். பெல் அடித்ததும் பெயரைக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவார். அப்படி அவர் அனுப்பியவர்களில் பதினோரு பேர் இன்று அதே அலுவலகத்தில் உட்கார்ந்து அவருக்கு பெல் அடிக்கிறார்கள்.

மனுஷன் சும்மா இருக்கவில்லை. தபால் வழியில் படித்துப் பட்டம் வாங்கினார். எழுத்தர் வேலைக்கான தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டு மூன்றாம் முறை தேறினார். இன்டர்வியூ ஒன்றுதான் பாக்கி. வயது வரம்பு நாற்பத்தைந்து. அவருக்கு அடுத்த மாதம் நாற்பத்தாறு பிறக்கிறது. இதையும் விட்டால் ஓய்வு பெறும் நாள்வரை பெல்தான்.

மூன்று வாரம் வீட்டில் ஒத்திகை. கட்டிலில் நான் அதிகாரி. எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கேள்விகளை அவரேதான் எழுதிக் கொடுத்தார். கதவுக்கு வெளியே நின்று கேட்டுக் கேட்டு எல்லாம் அத்துப்படி. முதல் நாள் “வாங்க, உக்காருங்க” என்றேன். நின்றார். மறுபடி சொன்னேன். நின்றார். மூன்றாவது முறை கத்தினேன். அப்புறம்தான் நாற்காலி நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார்.

“ஏங்க, காது கேக்கலையா?”

“கேட்டுச்சு. எனக்குச் சொல்றாங்கன்னு தோணலை” என்றார். “அந்த ரூம்ல உக்காருங்கன்னு சொன்னா, நான் கதவைச் சாத்திட்டு வெளிய வரணும்னு அர்த்தம்டி.”

போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரி. துணி கொடுக்கவும் வாங்கவும் நாள் முழுக்க யாராவது வந்து அவள் வீட்டு காலிங்பெல்லை அமுக்குவார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் இவர் பதிலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து நிற்பார். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் துண்டை எடுத்து இடுப்போடு சேர்த்து நாற்காலியில் கட்டிப் போட்டேன். பெல் அடித்தது. நாற்காலியோடு எழுந்து நின்றார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் ஆத்திரம் வந்தது. பதிலெல்லாம் பிசகாமல் சொல்கிற ஆளை இந்தக் கால் கவிழ்த்துவிடும்போல இருந்ததே!

இன்டர்வியூவுக்கு மூன்று நாள் முன்பு இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டார். அன்றைக்கு அந்த அறை வாசலில் நிற்கும் வேலையும் அவருக்கே போட்டிருக்கிறார்களாம். வேலைப் பட்டியல் எழுதியவருக்கு, இன்டர்வியூ பட்டியலிலும் இருப்பது அதே ஆள்தான் என்று உறைக்கவில்லை.

“வேற ஆளைப் போடச் சொல்லிக் கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டா, அதுக்குள்ள ஆபீசர் ஆயிட்டானான்னு பேசுவாங்க.”

“அப்ப உங்க பேரை யாருங்க கூப்பிடுவா?”

“அதை அன்னைக்குப் பாத்துக்கலாம்.”

அந்த மூன்று நாளும் வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளைச் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன். அவர் நான்கு பேனாவை எழுதிப் பார்த்து, கடைசியில் முதல் பேனாவையே சட்டைப் பையில் செருகிக்கொண்டார். இன்டர்வியூ அன்று கிளம்பும்போது ஷூவை மாட்டினார், கழற்றினார், சான்றிதழ் பையைத் திறந்து பார்த்தார், மறுபடி மாட்டினார். “போங்களேன்” என்று விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அங்கே நடந்ததை அவர் இதுவரை நான்கு விதமாகச் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நான் சொல்கிறேன்.

காலையில் காக்கிச் சீருடையில் அறையைத் துடைத்து, மூன்று அதிகாரிகளுக்கும் தண்ணீர் வைத்து, ஐந்து பேரை உள்ளே அனுப்பியிருக்கிறார். ஐந்தாவது ஆள் வெளியே வந்ததும் ஸ்டோர் ரூமுக்கு ஓடி வெள்ளைச் சட்டைக்கு மாறியிருக்கிறார். பெல் அடித்தது. பழக்கதோஷம், வராந்தாவில் நின்று தன் பெயரையே உரக்கக் கூப்பிட்டு, “ஆறாவது ஆள், வாங்க” என்றிருக்கிறார். உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவரும் யார் எழுந்து வருகிறார்கள் என்று பார்த்திருக்கிறார்! அப்புறம்தான் உறைத்து, உள்ளே போயிருக்கிறார்.

அங்கே இருந்த பெண் அதிகாரி உட்காரச் சொன்னார். இரண்டாவது முறை சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். நான் தொண்டை வறளக் கத்தியது வீண்போகவில்லை.

நடுவில் இருந்தவர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி. “ஒரு ஃபைல் காணோம்னா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டிருக்கிறார். இவருக்கு அல்வா மாதிரி கேள்வி. “கடைசியா அது யார் மேசைக்குப் போச்சுன்னு பாப்பேன் சார்” என்று ஆரம்பித்தார். பெரியவருக்குத் தாகம் போலிருக்கிறது. கிளாஸ் காலி. பெல்லை அமுக்கினார்.

“என் உடம்பு எந்திரிச்சிடுச்சுடி” என்கிறார் இவர். நாற்காலியின் கைப்பிடி இரண்டையும் இறுக்கிப் பிடித்துத் தன்னைத்தானே கீழே இழுத்திருக்கிறார். மறுபடி பெல். யார் வருவார்கள்? வரவேண்டிய ஆள் எதிரே இருக்கிறார்.

“காலைல இருந்து ஒருத்தன் நின்னுட்டிருந்தானே, எங்க போய்த் தொலைஞ்சான்?” என்றார் பெரிய அதிகாரி. ஐந்து தடவை இவர் முகத்தைப் பார்த்து வேலை சொன்னவர். சட்டை மாறியதும் முகம் தெரியவில்லை. மூன்றாவதாக இருந்த மேனேஜருக்கு இவரைப் பத்தொன்பது வருடமாகத் தெரியும்; குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இவர் எழுந்திருக்கவில்லை. “அது நான்தான் சார்” என்றார். “இப்ப இன்டர்வியூவுல இருக்கேன். முடிஞ்சதும் தண்ணி கொண்டு வரேன்.” பிறகு, விட்ட இடத்திலிருந்து அந்த ஃபைலைத் தேடி எடுக்கும்வரை முழுதாகச் சொல்லி முடித்திருக்கிறார், உட்கார்ந்தபடியே.

வெளியே வந்து காக்கியை மாட்டிக்கொண்டு, சொன்னபடி தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஏழாவது ஆளைக் கூப்பிட்டாராம்.

“தண்ணி கொண்டு வரேன்னு ஏங்க சொன்னீங்க? உங்களுக்கு ரோஷமே கிடையாதா?” என்று பாய்ந்தேன்.

“பாவம், அவருக்குத் தாகமா இருந்துச்சுடி” என்றார்.

அதன்பிறகு பன்னிரண்டு நாள். கெட்டது குடி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தினமும் போனார், பெல்லுக்கு நின்றார், வந்தார். பதின்மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது. அவர்தான்.

“என்னங்க? என்ன ஆச்சு?”

“மேனேஜர் பெல் அடிச்சாரு. போய் நின்னேன். ஒரு கவரைக் குடுத்துட்டு, உக்காருங்கன்னாரு.”

எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. “உக்காந்தீங்களா?” என்றேன்.

“ஒரு தடவைதான் சொன்னாரு. உக்காந்துட்டேன்.”

இங்கே பிளாஸ்டிக் நாற்காலி பக்கத்திலேயே கிடந்தது. நான் நின்றுகொண்டே அழுதேன்.