துளுக்காத கிடா

எங்கள் அண்ணனுக்கு இரண்டு சாமிகள். ஒன்று, காட்டுக் கோயில் முனியப்பன். இன்னொன்று, அவன் தலைமுடி. இதை நான் அவன் முகத்துக்கு நேராகவே சொல்லி நறுக்கென்று குட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் சொன்னதில் தப்பில்லை.

வெண்ணந்தூர் பக்கம், காட்டுக்குள் தனி வீடு எங்களுடையது. அப்பா லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் வந்து சேர்ந்தபிறகுதான் நிச்சயம். ஒரு மழைக்காலத்தில் போனவர் வரவே இல்லை. தந்தி இல்லை, தகவல் இல்லை. லாரி ஆபீசில் கேட்டால், "வந்துருவாருங்க, போங்க" என்று டீயைக் குடித்துக்கொண்டே சொல்வார்கள். அம்மா அடுப்புப் பற்ற வைப்பதையே மறந்துபோனாள்.

அண்ணன் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு இரண்டு வகுப்பு கீழே. ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வராமல் நேராகக் கோயிலுக்கு நடந்தான். நானும் பின்னாலேயே ஓடினேன். எங்கள் முனியப்பன் உட்கார்ந்த நிலையிலேயே ஓட்டு வீட்டைவிட உயரம். முட்டைக்கண், முறுக்கு மீசை, மடியில் அரிவாள். உச்சி வேளையில் பெரியவர்களே அந்தப் பக்கம் தனியாகப் போக மாட்டார்கள். அண்ணன் எதிரே நின்று, கடைக்காரனிடம் சாமான் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னான்.

"எங்கப்பா நல்லபடியா ஊடு வந்து சேரட்டும். என்ற முடியையும் தாரேன், ஒரு கிடாயும் வெட்டறேன்."

அதுவரை காதைத் துளைத்துக்கொண்டிருந்த சில்வண்டுச் சத்தம் பட்டென்று நின்றது. ஒரு வண்டுகூடக் கத்தவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வீடுவரைக்கும் ஓடினோம். மறுநாள் விடியும்போது அப்பா வாசலில் நின்றார். எங்கேயோ ஆற்றில் வெள்ளம், பாலம் போய்விட்டது, வண்டியோடு மாட்டிக்கொண்டேன் என்றார். அம்மா அழுதாள், சிரித்தாள், அண்ணன் வேண்டிக்கொண்டதைக் கேட்டு அவன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தாள்.

அந்த வாரமே ஒரு கறுப்புக் குட்டியின் காதில் வெட்டுப் போட்டு முனியப்பனுக்கு நேர்ந்து விட்டார்கள். நேர்ந்துவிட்ட கிடாயை யாரும் கட்டமாட்டார்கள், அடிக்க மாட்டார்கள், விற்கமாட்டார்கள். யார் காட்டில் மேய்ந்தாலும் சாமி மேய்ந்த கணக்கு. முடியை மட்டும் பரீட்சை முடிந்து எடுத்துக்கொள்ளலாம் என்றான் அண்ணன்.

பரீட்சை முடிந்தது. சேலத்தில் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. அங்கே போனவன் வேறு ஆளாகிவிட்டான். தெருவைக் கூட்டுகிற பெல்பாட்டம், பின் பாக்கெட்டில் சீப்பு, காதை மூடிக் காலரைத் தொடுகிற முடி. கண்ணாடி முன்னால் நின்றானென்றால் பஸ் போனாலும் நகர மாட்டான். வாரம் தவறாமல் மேட்னி ஷோ. முடியை எப்போது கொடுக்கப் போகிறாய் என்று கேட்டால் ஆண்டு விழா முடியட்டும் என்பான். அது முடிந்தால் குரூப் போட்டோ எடுக்கட்டும் என்பான்.

எங்கள் வீட்டில் கறந்த பாலானாலும் பிடுங்கிய கடலையானாலும் சாமிக்கு எடுத்து வைக்காமல் அம்மா எங்கள் வாயில் படவிடமாட்டாள். அப்படிப்பட்டவள் பிள்ளையிடம் கெஞ்சினாள்.

"ஏஞ்சாமி, மொதல்ல அதக் குடுத்துப்போட்டு அப்பறம் நீ எப்பிடி வேணும்னாலும் ஆடு. உங்கப்பன் இன்னும் ரோட்டு மேலதான் பொழைக்கறாரு."

"முடிதானேம்மா, எங்க ஓடிப்போவுது? என்ற முடிய வாங்கிச் சாமி என்ன கவுறா திரிக்கப் போவுது?"

அம்மா சடாரென்று அவன் வாயைப் பொத்தினாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒவ்வொரு தடவை அப்பா லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பும்போதும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்தத் தடவை முனியப்பன் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வானோ என்று பயமாக இருக்கும். இவனோ உள்ளே விசிலடித்துக்கொண்டு தலை வாருவான்.

கிடா மட்டும் வளர்ந்துகொண்டே போனது. கொம்பு பின்னால் சுருண்டு, தாடி தொங்கி, அது வருவதற்கு முன்னாலேயே வாடை வந்துவிடும். அது கத்தி நான் கேட்டதே இல்லை. சாயங்காலம் அண்ணன் எந்த பஸ்ஸில் வந்து இறங்கினாலும் நிறுத்தத்துப் புளியமரத்தடியில் நிற்கும். அவன் நடந்தால் பின்னால் நடக்கும், நின்றால் நிற்கும். மேட்னி பார்த்துவிட்டுப் பொழுது சாயும் நேரம் வந்தாலும் அதே இடத்தில்தான் நிற்கும். "உன்ற மாப்பிள்ளை வந்துட்டான் போ" என்று ஆரம்பத்தில் கிண்டல் செய்தேன். அப்புறம் செய்யவில்லை.

ஒரு சனிக்கிழமை ராசிபுரத்தில் படம் பார்க்கப் போனவன் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டான். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"தேட்டருக்கு எதிர்த்தாப்ல நின்னுச்சு புள்ளே."

"எது?"

"நம்ம கிடாதான். காதுல அதே வெட்டு. சோடா குடிக்கலாமுன்னு வெளிய வந்தேன், சனக்கூட்டத்துக்கு நடுவுல நின்னுட்டு என்னையே பாத்துச்சு. ஒருத்தரும் அதத் திரும்பிக்கூடப் பாக்கல."

அத்தனை தூரம் ஆடு எப்படிப் போகும், வேறு எதையாவது பார்த்திருப்பாய் என்று சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து கிடா எங்கள் மாட்டுக்கொட்டகை நிழலில்தான் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதை நானே கண்ணால் பார்த்திருந்தேன். இதைச் சொன்னதும் அண்ணன் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். அன்று ராத்திரிச் சோறு போடும்போது, "அம்மா, அப்பா வந்ததும் பூசை வெச்சுரலாம். முடியும் குடுத்தர்றேன்" என்றான். அம்மா சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அப்பா வந்த வாரத்தில் பூசை வைத்தோம். முனியப்பனுக்கு முன்னால் முடி இறக்கினான். ஒவ்வொரு கொத்தாக விழும்போதும் அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது. எனக்கே பாவமாகத்தான் இருந்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு, முழித்த கண்ணோடு நின்றான். கிடாய்க்கு மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் ஊற்றினார்.

எங்கள் பக்கம் சும்மா வெட்டிவிட முடியாது. தண்ணீர் பட்டதும் கிடா உடம்பை உதறித் துளுக்கவேண்டும். துளுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். துளுக்காவிட்டால் அரிவாளைத் தூக்கக்கூடாது. எந்த ஆடும் தண்ணீர் பட்டால் உதறத்தான் உதறும் என்று என் வகுப்பு டீச்சர் சொல்லியிருந்தார். நானும் அதையே நம்பிக்கொண்டு நின்றேன்.

கிடா துளுக்கவில்லை.

மறுபடி ஊற்றினார். தண்ணீர் முதுகிலிருந்து வழிந்து வயிற்று மயிரில் சொட்டியது. தோல்கூடச் சிலிர்க்கவில்லை. குடம் குடமாக ஊற்றிப் பார்த்தார்கள். கல்லில் செதுக்கி வைத்த மாதிரி நின்றது. அன்றைக்கும் உச்சி வேளைதான். பேச்சு மெல்ல மெல்ல அடங்கி, கடைசியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் கவனித்தேன், கிடா அண்ணனைப் பார்க்கவில்லை. பெண்கள் நின்ற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"முடியும் குடுத்தாச்சு, கிடாயும் கொண்டாந்து நிறுத்தியாச்சு. வேற ஏதாச்சும் வேண்டுதல் குறுக்க நிக்குதுங்களா?" என்றார் பூசாரி, அப்பாவைப் பார்த்து. அப்பா இல்லையென்று தலையாட்டினார்.

எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் போனாள்.

"நாந்தானுங்க. இவன் தர மாட்டேங்கறான், சாமி கோவிச்சுக்குமேன்னு தை மாசத்துலயே இங்க வந்து சொல்லிப்போட்டேன். புள்ளையையும் தொடாத, அவரையும் தொடாத, அதுக்குப் பதிலா என்னைய எடுத்துக்கோன்னு."

அப்பா, "அடிப்பாவி" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"உன்ன யாரு சொல்லச் சொன்னா? அதத் திருப்பி வாங்கும்மா! இப்பவே வாங்கு!"

"குடுத்த வாக்க எப்பிடி கண்ணு திருப்பி வாங்கறது?"

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே வழி தெரியாமல்தான் கேட்டாள். பால், கடலை எல்லாவற்றிலும் சாமியை முன்னால் வைத்தவள், பிள்ளை என்று வந்ததும் சாமியைப் பின்னால் தள்ளிவிட்டாள். அவனை அடிக்கவா, இவளைத் திட்டவா என்று தெரியாமல் நான் ஓவென்று அழுதேன்.

அண்ணன் பூசாரி கையிலிருந்த குடத்தைப் பிடுங்கினான். "என்றத மட்டும் எடுத்துக்கோ. அவ சொன்னது செல்லாது!" என்று கத்திக்கொண்டே கிடாயின் தலையில் கவிழ்த்தான்.

கிடா துளுக்கியது. தலையிலிருந்து வால்வரைக்கும் உதறிய உதறலில் மஞ்சள் தண்ணீர் எல்லார் மேலும் தெறித்தது. "துளுக்கிருச்சு, துளுக்கிருச்சு!" என்று கூட்டம் கூச்சல் போட்டது. அண்ணன் மட்டும் பூசாரியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எதுக்குங்க துளுக்குச்சு? என்றதுக்கா, அம்மா சொன்னதுக்கா?"

பூசாரி அம்மாவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "அது துளுக்கும் தம்பி. பேசாது" என்றவர், அரிவாளை எடுக்கப் போனார்.

முனியப்பனுக்கு வெட்டியதை அங்கேயே சமைத்து அங்கேயே சாப்பிட்டுவிட்டு வரவேண்டும், மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது. பந்தியில் அண்ணன் கறியைத் தொடவில்லை. அம்மாவின் எதிரே உட்கார்ந்து அவள் ஒவ்வொரு வாயாகச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவளுக்குப் புரையேறியது. இலையைத் தாண்டிப் பாய்ந்து போய் முதுகைத் தட்டினான். "அட, எனக்கொண்ணுமில்ல, போய்ச் சாப்புடு" என்று அவள் சிரித்தாள்.

அடுத்த நாள் காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் காப்பிகூடக் குடிக்காமல் குளித்துவிட்டுக் கோயில் திசையில் நடந்தான். கண்ணாடிப் பக்கமே போகவில்லை. திருந்திவிட்டான், இனிமேல் சாமிதான் முதல் என்று எனக்குள் ஒரு நிம்மதி. சாணிக் கையைத் துடைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். முனியப்பன் எதிரே மொட்டைத் தலையோடு நின்றான். அப்பாவுக்காக வேண்டியபோது கத்திச் சொன்னவன், இப்போது உதட்டை மட்டும் அசைத்தான். வெகுநேரம் அசைத்தான். சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. திடீரென்று நின்றன.

ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"என்ன கேட்ட?"

"அம்மா நல்லாருக்கணும்னு கேட்டேன்."

"முடியும் போயாச்சு, கிடாயும் போயாச்சு. அதுக்கு என்ன தாரேன்னு சொன்ன?"

அவன் சட்டையிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தான்.