அழைப்பிதழில் ஒரு சொல்

செரண்டா பழைய சாலையில் இருக்கும் என் அச்சகத்தில் பதினெட்டு வருஷமாகத் தமிழ் தட்டச்சு செய்பவர் கார்த்திகேசு. கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் வெறும் ‘அண்ணன்’. பேர் தெரிந்தவர்கள் குறைவு. காலையில் “நாகமணி, வந்துட்டேன்” என்பார், மாலையில் “போயிட்டு வரேன்” என்பார். இடையில் வாயைத் திறந்தால் இன்றைக்கு மழை வரும் என்று கிண்டல் செய்வேன்.

புக்கிட் பெருந்துங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரு தட்டு, ஒரு நாற்காலி. அவர் மனைவி அமராவதி அக்கா, மகள் மோகனாவைத் தூக்கிக்கொண்டு கோல சிலாங்கூரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போனபோது குழந்தைக்கு ஆறு வயது. அப்போது அண்ணனிடம் குடி இருந்தது. குடியை விட்டுவிட்டுப் போய்க் கூப்பிடுகிறேன் என்றார். விட்டும் விட்டார். அப்புறம், இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்றார். அப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது. நினைத்தால் எனக்கு எரிச்சலாக வரும். கோல சிலாங்கூர் என்ன நிலாவிலா இருக்கிறது? மோட்டாரில் ஒன்றரை மணி நேரம்.

இந்த மார்ச்சில், பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கும் விமலா தன் மகன் அகிலனின் கல்யாணக் கார்டு அடிக்க வந்தார். பெண் வீட்டார் எழுதிக் கொடுத்த தாளை நான் படிக்காமலேயே அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நேரமாகத் தட்டும் சத்தமே கேட்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அவ கையெழுத்து,” என்றார். ‘காலஞ்சென்ற கார்த்திகேசு, அமராவதி தம்பதியரின் அன்பு மகள் மோகனா’ என்று அதில் இருந்தது.

இது நம் ஆட்களிடம் ஒரு பழக்கம். அப்பா பிரிந்து போய்விட்டார் என்றால் சம்பந்தி வீட்டில் நூறு கேள்வி வரும். காலஞ்சென்றவர் என்று போட்டுவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்தே உயிரோடு இருந்த நாலைந்து அப்பாக்களை இந்தக் கடையில் அப்படி அச்சடித்து அனுப்பியிருக்கிறோம்.

அண்ணன் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தட்டி முடித்தார். கடைசியில் அதையும் தட்டினார். உடனே கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினார். கடைசியாகத் தட்டிய சொல் மறைந்தது. கண்ட்ரோலையும் ஒய்யையும் அழுத்தினார். மறைந்தது திரும்ப வந்தது. இசட் அழுத்தினால் மகள் கல்யாணத்தில் அண்ணன் உயிரோடு இருக்கிறார். ஒய் அழுத்தினால் இல்லை. மத்தியானம் முழுக்க இதே வேலைதான். சாப்பிடக்கூட எழவில்லை. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“அண்ணே, தாள்லயே நம்பர் இருக்குலா. ஒரு போன் பண்ணுங்க,” என்றேன்.

“பேசணும்,” என்றார். “இந்த வாரத்துல பேசறேன்.”

மூன்று மணிக்கு விமலா கார்டைப் பார்க்க வந்தார். அந்த நேரம் பார்த்துத் திரையில் அந்தச் சொல் இல்லை. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்கு மாறிவிட்டதாகச் சொன்னார். அண்ணன் நேரத்தை மாற்றித் தட்டினார். விமலா திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தார். விரல் அண்ணன் பேரில் நின்றது.

“பொண்ணோட அப்பா இறந்துட்டாருங்கண்ணே. காலஞ்சென்றன்னு போடணும்.”

அவர் மேல் தப்பில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். இவர்தான் அந்த அப்பா என்று நான் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் பெண் கொடுத்தார்கள் என்று கல்யாணம் நின்றுவிட்டால்? பயந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். இன்றைக்கும் அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம்.

அண்ணன் கண்ட்ரோலையும் ஒய்யையும் அழுத்தினார். சொல் வரவில்லை. மறுபடி அழுத்தினார். வரவில்லை. எடுத்ததைத் திரும்ப வரவழைக்கலாம், ஆனால் நடுவில் வேறு எதையாவது தட்டிவிட்டால் போனது போனதுதான். இதை எனக்குச் சொன்னவரே அவர்தான். முகூர்த்த நேரத்தைத் தட்டும்போது அது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

விமலா காத்துக்கொண்டிருந்தார். அண்ணன் தன் பேருக்கு முன்னால் கர்சரைக் கொண்டுபோய் வைத்தார். தினமும் தட்டுகிற சொல்தான். அன்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார்.

“சரியா இருக்காம்மா?”

“இப்ப சரிண்ணே.”

இரண்டு நாள் கழித்து விமலா கார்டுகளை வாங்க வந்தார். நல்ல மனுஷி. கட்டைப் பிரித்து முதல் கார்டை எடுத்து, அண்ணன் முன்னால் நின்று, “நீங்க கண்டிப்பா வரணும். பேரு சொல்லுங்க, கவர்ல எழுதறேன்,” என்று பேனாவைத் திறந்தார்.

அண்ணன் எழுந்து நின்றார்.

“பேரெல்லாம் வேணாம்மா. அச்சகத்தார்னு எழுதுங்க.”

விமலா அப்படியே எழுதிக் கொடுத்தார். அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.