டெஸ்டர் எரியவில்லை

எங்கள் சித்தி பொய் சொல்கிறாள் என்று தீர்ப்புச் சொன்னது கரண்டு பார்க்கிற ஒரு டெஸ்டர். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்யாணமாகி வரும்போதே சித்திக்கு மேல் கடைவாயில் ஒரு தங்கப்பல் இருந்தது. அந்த வருடமே அதற்கு நேர் கீழ்ப்பல் சொத்தையாகி, கோவில்பட்டிக்குப் போய் வெள்ளி வைத்து அடைத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் காலை கம்பஞ்சோற்றை ஒரு வாய் மென்றவள், “ஆத்தீ!” என்று கும்பாவைத் தள்ளிவிட்டாள்.

“பல்லோட பல்லு பட்டா கரண்டு அடிக்குதுக்கா.”

“வாய்க்குள்ள எந்த லைன்மேன் வந்து கம்பி இழுத்தான்?” என்றாள் அம்மா. தன் சமையல் சித்திக்குப் பிடிக்கவில்லை என்று அவளுக்கு ஏற்கனவே ஒரு சந்தேகம்.

பிறகு தினமும் இதே பாட்டுத்தான். சித்தி அரை வயிற்றோடு எழுந்திருப்பாள். அம்மா வருகிறவர்களிடமெல்லாம், “நம்ம வீட்டுச் சோத்தைக் கண்டா அவளுக்குக் கரண்டு அடிக்குதாம்” என்பாள். டாக்டரிடம் இன்னொரு தடவை கூட்டிப் போங்கள் என்று சித்தி கெஞ்சினாள். அரைமணி நேர பஸ் பயணம். அதற்கு வீட்டில் ஆளில்லை.

கடைசியில் மோட்டார் ரிப்பேர் பார்க்கிற சித்தப்பா டெஸ்டரை எடுத்து வந்தார். “ஏட்டி, வாயத் தொற.” வீடே சுற்றி நின்றது. தங்கப்பல்லில் வைத்தார், வெள்ளியில் வைத்தார். உள்ளே இருக்கும் குட்டி பல்ப் எரியவில்லை.

“பாத்தியளா மதினி, ஒண்ணுமில்ல.”

அதிகமாகச் சிரித்தது நான்தான். சித்தி திறந்த வாயோடு என்னையே பார்த்தாள்.

வீட்டுக் கரண்டுக்கு எரிகிற டெஸ்டர் இதற்கு எங்கே எரியும்? இரண்டு வேறு உலோகம், நடுவில் எச்சில். பல்லும் பல்லும் பட்டால் சின்ன பாட்டரி. புது வெள்ளியின் மேல் மெல்லிய படலம் கட்டியதும் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். ஒரு மாதத்தில் அடங்கியும் விட்டது. போதாதா? “நாஞ் சொல்லலையா, எல்லாம் நடிப்பு” என்று அம்மா ஜெயித்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்கே வலித்தாலும் சித்தி எங்கள் வீட்டில் வாய் திறந்து சொன்னதில்லை.

எரிச்சல் அவர்கள் மேல் மட்டுமில்லை. டெஸ்டர் வைத்துப் பார்த்த அதே வாரம், அறிவியல் நோட்டில் எலுமிச்சம்பழத்துக்குள் செம்பையும் துத்தநாகத்தையும் செருகி மின்சாரம் எடுக்கிற படம் வரைந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டுத் தந்தவள் சித்திதான், பல்லோடு பல் படாமல் வாயை லேசாகத் திறந்து வைத்தபடி. நான் பழத்துக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தேன், கோட்டுக்கு வெளியே போய்விடாமல் வெகு கவனமாக.