எடின்பரோ தபால்பெட்டி

ஒஸ்லோவின் ரொம்சோஸில் பேருந்துக்குக் காத்து நின்றபோது பார்த்தேன், சிவப்புத் தபால்பெட்டியில் யாரோ தார் பூசியிருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி சிரித்தான்: "ஒரு பெட்டியிலை ஆருக்கு இவ்வளவு கோவம், அன்ரி?"

அந்தத் தார் மணத்தில் எனக்கு ஏழு வயதாகிவிட்டது. உலகப்போர் முடிந்து சில ஆண்டுகள். அப்பா எடின்பரோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். அங்கே புதிதாக வைத்த தபால்பெட்டியில் 'இரண்டாம் எலிசபெத்' முத்திரை இருந்தது. கீழ்வீட்டுக்காரி மாவு ஒட்டிய கையோடு வந்து கத்தினாள்: "முதலாமவள் இங்கிலாந்துக்குத்தான் ராணி. ஸ்கொட்லாந்துக்கு இவள் எப்படி இரண்டாமவள்?"

பெட்டிக்குத் தார் பூசினார்கள், சுத்தியலால் அடித்தார்கள், கடைசியில் வெடிவைத்தே தகர்த்தார்கள். எங்கள் சன்னல் அதிர்ந்தது. "ஒரு இலக்கத்துக்கு இவ்வளவு கோவமோ?" என்று அப்பா சிரித்தார். ஆனால் ஸ்கொட்லாந்தின் புதுப் பெட்டிகளில் அந்த இலக்கம் பிறகு வரவேயில்லை.

நாங்கள் ஊர் திரும்பினோம். சிங்களம் மட்டுமே அரசமொழி என்று சட்டம் கொண்டுவந்தார்கள். எங்கள் ஆட்கள் எதையும் உடைக்கவில்லை. கொழும்புக் கடற்கரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கே குண்டர்கள் வந்து அடித்தார்கள். அப்பா முறிந்த கையோடு வீட்டுக்கு வந்தார். சட்டத்தில் ஒரு எழுத்துக்கூட அசையவில்லை.

'இவ்வளவு கோவமோ' என்ற அந்தக் கேள்வியை அப்பா அதன்பிறகு யாரிடமும் கேட்டதில்லை. அந்தச் சட்டத்தால் ஒஸ்லோவில் பிறக்க நேர்ந்த பிள்ளை, அதைச் சிரித்துக்கொண்டு என்னிடம் கேட்கிறான்.