சுவரில் ஒட்டிய கண்ணாடி

நான் பயந்தாங்கொள்ளி. மின்னல் வெட்டினால் ரைஸ் குக்கர் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிடுவேன். அதனால்தான், ஈப்போவில் எங்கள் பழைய மாதா கோயிலில் பீடத்துச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்று நான் முதன்முதலில் சொன்னபோது வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நூறு வருடத்துக்கு மேலான கோயில் அது. மலாயாவுக்கு வந்து ரப்பர் தோட்டங்களிலும் ரயில்வேயிலும் வேலை செய்த தமிழர்களுக்காக ஒரு பிரெஞ்சுச் சாமியார் கட்டியது. செமோர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எங்கள் ஆட்கள் ஞாயிறு பூசைக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பீடத்துக்குப் பின்னால் சுவர் முழுக்க, மாதா விண்ணகம் ஏறும் ஓவியம். வரைந்தவர் குகைக்கோயில்களில் சாயம் பூசிக்கொண்டிருந்த ஒரு சீனர் என்பார்கள். மாதா வெள்ளைக்காரி மாதிரிதான் இருப்பாள். காலடி மேகங்கள் மட்டும் சுத்தமான சீனம், சுருள் சுருளாக, ஓரத்தில் பொன்கோடு வைத்து. வானதூதர்களுக்குக் கண் கொஞ்சம் சின்னது. வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கோ அந்த முகங்களைப் பார்த்தால்தான் செபமே வரும்.

விரிசல் அந்த மேகத்தில்தான் தொடங்கியது. ஈப்போ மண்ணை நம்ப முடியாது. அடியில் சுண்ணாம்புப் பாறை, பாறைக்குள் பொந்து, போதாக்குறைக்கு அந்தக் காலத்து ஈயச் சுரங்கங்கள் வேறு. பழுதுபார்க்க வந்த மேஸ்திரி விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை, இரண்டு முனையிலும் பசை வைத்து ஒட்டினார். கோயிலில் பூ அலங்காரம் என் பொறுப்பு, சாவியும் என்னிடம்தான். என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, செவுரு அசையாம இருந்தா இது இப்படியே இருக்கும். ஒடஞ்சிருந்தா நவுருதுன்னு அர்த்தம். அப்புறம் ஒரு ஆளையும் உள்ள விடாதீங்க, ஒடனே ஃபோன் போடுங்கலா."

அன்றோடு என் தூக்கம் போனது. என் மகளின் கல்யாணம் அந்தப் பீடத்தின் முன்னால்தான் நடக்கவிருந்தது. ஒரே மகள். ஞானஸ்நானம், புதுநன்மை எல்லாம் அங்கேதான். தாலியும் அந்த மாதாவின் முன்னால்தான் ஏற வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். தினமும் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணாடியைப் பார்ப்பேன், பிறகுதான் மாதாவை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு விடிய விடிய மழை. பூ வைக்கும் இடம் பார்க்க, காலையில் மகளும் என்னோடு வந்தாள். கண்ணாடி நடுவில் உடைந்திருந்தது. அவளும் பார்த்துவிட்டாள்.

"இத்தன வருஷம் நின்னுச்சுலா, மா. சனிக்கிழமை வரைக்கும் நிக்காதா?"

"பாட்டுப் பாடுற பிள்ளைங்க அந்தச் செவுத்து ஓரமாத்தான் நிக்கும்."

"யாருக்கும் தெரியாது. பூவ வச்சு மறைச்சிரலாம். ப்ளீஸ் மா, சொல்லாதீங்க."

மறைத்துவிடலாமா என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தப் பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நிற்பதுதான் கண்முன் வந்தது. அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, வாசலில் நின்றபடியே மேஸ்திரிக்கும் பங்குச் சாமியாருக்கும் ஃபோன் செய்தேன். மத்தியானத்துக்குள் கதவில் சங்கிலி ஏறிவிட்டது.

மற்றக் கோயில்களில் அன்றைக்கு இடமில்லை. ஜெலாப்பாங்கில் ஒரு பொது மண்டபத்தில், பூப்பந்தாட்டக் கோடு போட்ட தரையில், மடக்குமேசையைப் பீடமாக்கிக் கல்யாணம் நடந்தது. தாலி ஏறும்போது வெளியே லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். மகள் அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்றார்கள் சொந்தக்காரர்கள்.

சுவர் இன்றுவரை விழவில்லை. விரிசல் மாதாவின் முழங்கால்வரை ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். கோயில் பூட்டியே கிடக்கிறது. அந்த வழியாகக் காரில் போகும்போதெல்லாம் மகள் வேகத்தைக் குறைப்பாள்.

"இன்னும் நிக்குதுலா, மா."

அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். திட்டினாலாவது தேவலை.

பெருமழை பெய்தால் செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன், அந்தச் சுவர் நிற்க வேண்டுமென்று. பாதியிலேயே மனம் வேறெங்கோ போகிறது. ஆளில்லாத நேரத்தில் அது விழுந்துவிட்டால், அவள் என்னிடம் பழையபடி பேசுவாளே என்று தோன்றுகிறது. உதடு பாட்டுக்குச் செபம் சொல்கிறது. மாதாவுக்கு இரண்டில் எது கேட்கிறதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.