எட்டடி ஆழமும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பவரை ஊரே நீச்சலக்கா என்றுதான் கூப்பிடும். வருஷக்கணக்காகத் தண்ணீருக்கு மேலே கத்திக் கத்திக் குரல் வெண்கலமாகிவிட்டது. வீட்டில் கணவரிடம் ரகசியம் பேசினாலும் மாடிவீட்டுக்காரர் அதற்குப் பதில் சொல்லுவார்.

ஒரு பிள்ளை முதல் தடவையாகக் குளத்தைக் கடக்கிற அன்று, அக்கா வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு கரையோரமாகக் கூடவே நடப்பார். அப்படிச் சேர்ந்த டேப்புகளை இப்போது வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். குளத்துக்குப் புது டைல்ஸ் போட்டுத் திறக்கப்போகிறார்கள். அன்றைக்கு எல்லோருடைய முதல் நீச்சலையும் திரையில் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பழைய பிள்ளைகள் வெளியூரிலிருந்தெல்லாம் கிளம்பி வருவதாகப் பேச்சு. கம்ப்யூட்டரோ பாதி டேப்புகள் ஏறுவதற்குள் இடமில்லை என்று கையை விரித்துவிட்டது.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் அந்தக் கேமராவின் கம்பி அதில் சேராது. அதனால் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கிவந்து, பழையதற்குத் துணையாக உள்ளே மாட்டச் சொன்னார். மாட்டியவர் மருமகன். ஒரு அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர். மாமியாரிடம் கொஞ்சம் பயமும் நிறையப் பிரியமும் உள்ளவர்.

பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்தது, அவ்வளவுதான். புது டிஸ்க்கைக் கழற்றினால் ஓடும், மாட்டினால் மரம் மாதிரி நிற்கும். டிஸ்க்கின் பின்பக்கத்து ஊசிகளில் ஒரு குட்டி கிளிப்பைச் செருகினால் அது தன் அளவைக் குறைத்துச் சொல்லும் என்று மருமகன் அதையும் செய்து பார்த்தார். கம்ப்யூட்டர் ஓடத்தான் செய்தது. ஆனால் வாங்கின இடத்தில் கால்வாசிதான் கண்ணில் பட்டது. கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான் என்று அக்கா சண்டைக்குக் கிளம்பி செருப்பைக்கூடப் போட்டுவிட்டார். மருமகன் கெஞ்சி உட்கார வைத்தார்.

பிறகு தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார். மங்கலாக இருப்பவை, முகம் தெரியாதவை, இவற்றை மட்டும் அழித்துவிட்டால் கிடைத்த இடமே போதும்.

"யாரை அழிக்கறது மாப்பிள்ளை?" என்றார் அக்கா. குரல் இறங்கிவிட்டது. "அவ்வளவு தூரம் வந்து உக்காந்திருக்கிற பிள்ளைகிட்ட, உன்னோடது மட்டும் இல்லைன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"

மருமகன் முகம் வாடிவிட்டது. அந்த வீட்டில் அந்தக் குரல் இறங்கி யாரும் கேட்டதில்லை. பேச்சை மாற்றுவதற்காக, அது ஏன் நின்றுபோகிறது என்று விளக்க ஆரம்பித்தார். இந்தக் கம்ப்யூட்டரைச் செய்த காலத்தில் இவ்வளவு பெரிய டிஸ்க்கை யாரும் கனவிலும் நினைக்கவில்லை. கண் விழித்ததும் அது முதல் வேலையாக, நீ எவ்வளவு பெரிசு என்று டிஸ்க்கைக் கேட்கும். வருகிற பதில் அதன் கணக்குக்குள் அடங்காது. விக்கித்து நின்றுவிடும்.

அக்கா தொடையைத் தட்டிச் சிரித்தார். "அட, நம்ம குளத்துப் பிள்ளைங்க மாதிரியே இருக்கே. எட்டடி ஆழம்னு சொன்னா அங்கேயே வெறைச்சுப் போயிடுங்க. நான் ஆழத்தைப் பத்தி மூச்சு விடறதே இல்லை, அதுபாட்டுக்கு நீந்திடும். இதுகிட்ட மட்டும் எதுக்குச் சொல்றீங்க? டிஸ்க்கே இல்லைன்னு சொல்லிடுங்க."

"இருங்க அத்தை," என்றார் மருமகன். "அப்படிச் சொல்றதுக்கும் ஒரு இடம் இருக்கு."

கிளிப்பைப் பிடுங்கினார். ஆரம்பத் திரையில் இருக்கும் செட்டிங்கில், அந்த இடத்தில் எதுவும் மாட்டவில்லை என்று மாற்றிவைத்தார். கம்ப்யூட்டர் பழைய டிஸ்க்கை மட்டும் விசாரித்துவிட்டு நல்ல பிள்ளையாகக் கிளம்பியது. அதற்குப் பிறகு விண்டோஸ் தானாகத் தேடிப்போய்ப் புது டிஸ்க்கைக் கண்டுபிடித்துக்கொண்டது, முழு இடத்தோடு. அக்கா போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று இறங்கி ஓடிவந்தார்.

திறப்பு விழாவில் குளத்தைச் சுற்றி நாற்காலிகள் போதவில்லை. திரையில் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தத்தளித்துக் கரை சேர்ந்தார்கள். இன்று காதோரம் நரைக்கத் தொடங்கியவர்களெல்லாம் அதில் பல்லில்லாத வாயோடு அழுதார்கள். பெற்ற பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேலி செய்தார்கள். கேமராவுக்குப் பின்னால் இருந்ததால் அக்கா எதிலும் தெரியவில்லை, குரல்தான் கேட்டது. "இன்னும் ரெண்டே அடி, கண்ணு." பிள்ளை இரண்டடி வரும். கேமரா பின்னால் நகரும். மறுபடியும், "இன்னும் ரெண்டே அடி, கண்ணு." ஏற்றும்போது சத்தத்தை அணைத்து வைத்திருந்ததால், எல்லோரிடமும் ஒரே பொய்யைச் சொல்லி வந்திருக்கிறோம் என்பது அக்காவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

கடைசிப் படம் ஒரே மங்கல். ஒரு தலையும் இரண்டு கைகளும் நடுக்குளத்தில் நின்றுபோயின. அக்காவின் குரல் வருவதற்கு முன்னால் கூட்டம் முழுக்கச் சேர்ந்து சொன்னது: "இன்னும் ரெண்டே அடி, கண்ணு."

கைகள் அசைந்தன. கரையைத் தொட்டன. யார் பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பின்வரிசையில், கைக்குழந்தையோடு ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"அது நான்தான்க்கா."